கால் ஆஃப்: ஆறாயிரம் சட்டைகளை நிறுத்திய இரண்டு சொற்கள்

2023-ஆம் ஆண்டு ஜனவரி 9, திங்கட்கிழமை மாலை, ஜெர்மனியில் இருக்கும் என் வாடிக்கையாளரிடமிருந்து மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. முதல் வரி புத்தாண்டு வாழ்த்து. கடைசி வரி நன்றி. நடுவில் இருந்த வரியை இன்றும் எழுத்துப் பிசகாமல் சொல்வேன்: ‘வீ வுட் லைக் டு கால் ஆஃப் 6,000 பீசஸ் அகெய்ன்ஸ்ட் தி ஃபிரேம் ஆர்டர், வீக் 10.’ ஃபிரேம் ஆர்டர் என்பது ஓராண்டுக்கு மொத்தமாகப் போட்டிருந்த ஆர்டர். பொங்கலுக்கு ஆறு நாள் இருந்தது. தையல்காரர்கள் ஊருக்குப் போக முன்பணம் கேட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ஒரே பொருள்தான் தெரிந்தது. ஆண்டின் பத்தாவது வாரத்தில் கப்பலேற வேண்டிய 6,000 சட்டைகளை ரத்து செய்கிறார்கள் என்று நினைத்து, கணினியை மூடிவிட்டு, வெளியே சென்று முன்பணத்தைக் கொடுத்தேன். அன்று இரவு வீட்டில் யாரிடமும் இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்தத் தவறு எப்படி நடந்தது என்பது விளங்கும். திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக வேலை பார்த்து, பிறகு சிறிய அளவில் சொந்தமாகப் பனியன் தைத்துக் கொடுத்து, 2022-இல்தான் இடைத்தரகர் இல்லாமல் நேரடி ஏற்றுமதியில் இறங்கியவன் நான். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். ஆங்கிலத்தை வேலைக்குப் போய்வந்த இரவுகளில் ஓர் இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே கற்றேன். அந்தப் புத்தகத்தில் வினைச்சொல்லோடு ஆஃப், அப், அவுட் போன்ற சிறு சொற்கள் சேர்ந்து புதுப்பொருள் தரும் தொடர்கள் ஒரு நீண்ட பட்டியலாக இருந்தன. இடப்பக்கம் ஆங்கிலத் தொடர், வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். கால் ஆஃப் என்பதற்கு எதிரே ‘ரத்து செய்’ என்று இருந்தது. வேலைநிறுத்தம் வாபஸ் ஆனாலும், மழையால் கிரிக்கெட் ஆட்டம் நின்றுபோனாலும் ஆங்கிலப் பத்திரிகையில் அதே சொல்தான் வந்தது. பத்தாண்டுகளில் அந்தப் பொருள் என் மனத்தில் கல்வெட்டைப் போலப் பதிந்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைத்தால் இந்தக் கணக்கு நேர்மையாக இருக்காது. நான் ஏற்கெனவே பயந்திருந்தேன். 2022 மே மாதத்தில் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறி இறங்கியதில் பலரும் அடிபட்டார்கள். உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் விலைவாசி உயர்ந்து, அங்கிருந்து வரும் ஆர்டர்கள் அந்த ஆண்டின் இறுதியில் வெகுவாகக் குறைந்திருந்தன. டீக்கடையில் நின்றால் அவருக்கு ரத்து, இவருக்குப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள் என்ற பேச்சுதான். ஆகவே ரத்து என்ற செய்தியை நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன் என்றே சொல்லலாம். எதிர்பார்த்துக் காத்திருப்பவனுக்கு, இரண்டு பொருள் உள்ள சொல்லில் தான் அஞ்சுகிற பொருள் மட்டுமே கண்ணில் படுகிறது.

மறுநாள் காலையில் பதில் எழுதினேன். வருத்தத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது, அடுத்த ஆர்டராவது நிலைக்கவேண்டும் என்ற எண்ணத்தில், வழக்கமாக எல்லோரும் எழுதும் மூன்றே சொற்களை எழுதினேன்: ‘நோட்டட் வித் தேங்க்ஸ்.’ குறித்துக்கொண்டேன், நன்றி என்று பொருள். பின்னால் யோசித்துப் பார்த்தால், எனக்கு நேர்ந்த இழப்பில் பெரும்பகுதிக்கு அந்த மூன்று சொற்களே காரணம். நான் ரத்தை ஏற்றுக்கொண்டதாக நினைத்து எழுதியதை, அவர்கள் சரக்கை அனுப்ப ஒப்புக்கொண்டதாகப் படித்தார்கள். இரண்டு பக்கமும் மன நிறைவோடு, நேர் எதிரான இரண்டு திசைகளில் ஆறு வாரம் நடந்தோம்.

அந்த ஆறு வாரத்தில் நான் செய்தவற்றைச் சொல்கிறேன். டிசம்பரில் விலை இறங்கிய நேரம் பார்த்து முதல் லாட்டுக்காக 1,350 கிலோ முப்பதாம் நம்பர் கோம்டு நூல் வாங்கி வைத்திருந்தேன். அதைப் பணமாக்காவிட்டால் சம்பளம் கொடுக்க முடியாது என்று, கிலோவுக்கு 22 ரூபாய் நட்டத்தில் வேறொரு நிட்டிங்காரருக்குக் கொடுத்தேன். சாயப்பட்டறையில் பிப்ரவரி முதல் வாரத்துக்குப் போட்டிருந்த முன்பதிவை விட்டுக்கொடுத்தேன். பொங்கல் முடிந்து திரும்பிய பவர்டேபிள் கான்ட்ராக்டரிடம், அதாவது தையல் குழுவை வைத்து ஒப்பந்தத்தில் தைத்துக் கொடுப்பவரிடம், இரண்டு மாதத்துக்கு வேலை இல்லை, வேறு இடம் கிடைத்தால் போய்க்கொள்ளுங்கள் என்று நானே சொல்லி அனுப்பினேன். அவர், “ஏனுங்க, எங்ககிட்ட ஏதாச்சும் குறையா?” என்று கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 20-ஆம் தேதி அடுத்த மின்னஞ்சல் வந்தது. பத்தாவது வாரக் கால்-ஆஃபுக்கு இன்னும் கப்பல் முன்பதிவு வரவில்லை என்று சரக்குப் போக்குவரத்தைக் கவனிக்கும் எங்கள் ஃபார்வர்டர் சொல்கிறார், சரக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ரத்து செய்ததற்கு எதற்குக் கப்பல்? ஆனால், இந்த முறை அந்தச் சொல்லின் நடுவில் ஒரு சிறு கோடு இருந்ததைக் கவனித்தேன். வினையாக இருந்தது பெயராக மாறியிருந்தது. தூத்துக்குடியில் எனக்கு ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போன் செய்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன். எதிர்முனையில் இருந்த இளைஞர் சில நொடிகள் பேசவில்லை. பிறகு மெதுவாக, “அண்ணாச்சி, இது கேன்சல் இல்ல. கால் ஆஃப்னா அந்த மொத்த ஆர்டர்ல இருந்து இவ்வளவ இப்ப எடுத்து அனுப்புன்னு அர்த்தம். ஜெர்மன்காரங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க” என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கால் நழுவியது போல இருந்தது. மின்னஞ்சலில் இருந்த பத்தாவது வாரம் மார்ச் 6-ஆம் தேதி தொடங்குகிறது. கையில் இரண்டு வாரம் இருந்தது. நூல் ஒரு கிலோகூட இல்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்று மாலையே வாடிக்கையாளர் நிறுவனத்தில் எங்கள் ஆர்டரைக் கவனிக்கும் அம்மையாரிடம் பேசினேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ என் ‘நோட்டட் வித் தேங்க்ஸ்’ மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு, இதற்கு என்ன பொருள் என்று நினைத்து எழுதினீர்கள் என்று கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஜெர்மன் மொழியில் ‘அப்ரூஃபென்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. ‘அப்’ என்றால் விலகி, பிரிந்து. ‘ரூஃபென்’ என்றால் அழை. ஓராண்டுக்கான மொத்த ஆர்டரை முதலில் போட்டுக்கொண்டு, தேவைப்படும்போது அதிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து வரவழைப்பதற்கு ‘அப்ரூஃப்’ என்று பெயர். அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் கால் ஆஃப். அவருக்கு அது பள்ளிக்கூடத்துச் சொல்லைப் போல இயல்பானது. அதற்கு ரத்து என்று இன்னொரு பொருள் இருப்பது தெரிந்தும், ஆர்டர் விஷயத்தில் யாரும் குழம்புவார்கள் என்று அவர் எண்ணியதே இல்லையாம்.

இது ஜெர்மானியர்களின் பிழையான ஆங்கிலம் என்று நினைத்துவிட வேண்டாம். நானும் கொஞ்ச நாள் அப்படி நினைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பிரிட்டனில் அரசுத் துறைகள் பொருள் வாங்கும்போது முதலில் ஒரு பொது ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அதன் கீழ் ஒவ்வொரு முறை வாங்குவதற்கும் எழுதும் சிறு ஒப்பந்தத்தைக் கால்-ஆஃப் கான்ட்ராக்ட் என்றே சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மதிப்புக் கூட்டு வரிக்கு 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் கால்-ஆஃப் ஸ்டாக் என்று ஒரு தனி வகையே உண்டு: இன்னாருக்கு என்று முன்கூட்டியே தெரிந்த வாடிக்கையாளருக்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கும் சரக்கு, அதை அவர் 12 மாதங்களுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகச் சட்டப் புத்தகம் வரைக்கும் ஏறிய சொல் இது. என் இலக்கணப் புத்தகத்தில் மட்டும் இடம் கிடைக்கவில்லை.

ஒரே தொடருக்கு எப்படி நிறுத்து என்றும் அனுப்பு என்றும் பொருள் வரும் என்று பல நாள் யோசித்தேன். உள்ளே இருக்கும் படம் ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன். கால் என்றால் அழை. ஆஃப் என்றால் இருந்த இடத்திலிருந்து விலகி. வேட்டைநாய் ஒருவர்மேல் பாயும்போது அதன் உரிமையாளர் குரல் கொடுத்து அதை விலக்கிக்கொண்டால் அதற்கும் கால் ஆஃப்தான். யாரையாவது ஆள் வைத்துத் தொல்லைப்படுத்துகிறவரிடம், உன் நாய்களைக் கூப்பிட்டுக்கொள் என்று கேலியாகச் சொல்வதும் அதே தொடர்தான். நடக்க இருந்த காரியத்தைத் திரும்ப அழைத்துக்கொண்டால் காரியம் நடக்காது, அது ரத்து. குவியலில் கிடக்கும் சரக்கிலிருந்து ஒரு பங்கைப் பிரித்து அழைத்தால் அது வந்து சேரும், அது கொள்முதல். எதை அழைக்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகிறது.

நம் மொழியில் இது இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. ஜவுளிக்கடை வாசலில் தள்ளுபடி என்று எழுதியிருந்தால் மகிழ்ச்சியோடு உள்ளே போகிறோம். நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி என்றால் தலையில் கைவைக்கிறோம். வங்கியில் கடன் தள்ளுபடி என்றால் மறுபடியும் மகிழ்ச்சி. மூன்று இடத்திலும் சொல் ஒன்றுதான், தள்ளப்படுவது வேறு. தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டவருக்குத் தள்ளுபடி என்றால் விலைக்குறைப்பு என்று மட்டும் சொல்லிக் கொடுத்து நீதிமன்றத்துக்கு அனுப்பினால் என்ன ஆகுமோ, அதுவே எனக்கு ஆனது.

இப்போது நான் பின்பற்றும் சோதனையைச் சொல்கிறேன். ஆங்கில மின்னஞ்சல் பார்க்கும் யாருக்கும் இது உதவும். கால் ஆஃப் என்ற தொடரைக் கண்டால் முதலில் அதன் செயப்படுபொருளைப் பாருங்கள். கூட்டம், ஆட்டம், திருமணம், போராட்டம், பயணம், தேடுதல் வேட்டை என்று நிகழ்ச்சியாகவோ செயலாகவோ இருந்தால் அது ரத்து. இத்தனை உருப்படி, இத்தனை கிலோ, இத்தனை மீட்டர் என்று எண்ணோடு கூடிய பொருளாக இருந்தால் பெரும்பாலும் அது அனுப்பச் சொல்வது. அடுத்து, பின்னால் வரும் இடைச்சொல்லைப் பாருங்கள். அகெய்ன்ஸ்ட் அல்லது ஃப்ரம் என்று வந்து, அதன்பின் ஏதோவொரு பெரிய ஆர்டரின் எண்ணோ பெயரோ இருந்தால் ஐயமே வேண்டாம், குவியலிலிருந்து பிரிக்கிறார்கள். அகெய்ன்ஸ்ட் என்பதை எதிராக என்று மட்டும் அறிந்திருந்த எனக்கு, அந்தச் சொல்லும் ரத்து என்ற எண்ணத்தை உறுதிப்படுத்தியது என்பது வேடிக்கை. கணக்கு வழக்கில் அது ‘இன்னதன் பேரில்’ என்ற பொருளில் வருகிறது. மூன்றாவதாக, நடுவில் சிறு கோட்டோடு பெயர்ச்சொல்லாக, கால்-ஆஃப் ஆர்டர், கால்-ஆஃப் அட்டவணை என்று வந்தால் அது கொள்முதல் பொருளேதான். ரத்து என்ற பொருளில் அந்தத் தொடரை இப்படிப் பெயராக்கி நான் எங்கும் பார்த்ததில்லை.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய குறிப்பு ஒன்று இருந்தது. அது அன்றே என் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வணிகக் கடிதத்தில் ஒரு ஆர்டரை நிறுத்த வேண்டும் என்றால் கேன்சல் என்றுதான் எழுதுவார்கள். பின்னால் வழக்குக்கு வரக்கூடிய விஷயத்தில் யாரும் சுற்றி வளைப்பதில்லை. தவிரவும், 6,000 சட்டைகளை நிறுத்துகிற ஒருவர் புத்தாண்டு வாழ்த்தோடும் நன்றியோடும், ஒரு வருத்தமும் காரணமும் சொல்லாமல் மூன்று வரியில் முடிப்பாரா? கடிதத்தின் குரல் மகிழ்ச்சியாக இருந்தது. நான் குரலைக் கேட்காமல் சொல்லை மட்டும் படித்தேன்.

ரத்து என்ற பொருளிலும் கவனிக்க வேண்டிய நுணுக்கம் சில உண்டு. புட் ஆஃப் என்பதும் கால் ஆஃப் என்பதும் நம் ஆட்களிடம் அடிக்கடி மாறிப்போகின்றன. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது. காரியம் உயிரோடு இருக்கிறது, நாள்தான் மாறுகிறது. கால் ஆஃப் என்றால் காரியமே இல்லை. ஆய்வாளர் வருகையைத் தள்ளிப்போட்டிருக்கும்போது கால்ட் ஆஃப் என்று எழுதினால், அவர்கள் அந்த வருகையையே மறந்துவிடுவார்கள். அடுத்து, இந்தத் தொடர் தொடங்காததற்கும் பொருந்தும், பாதியில் நின்றதற்கும் பொருந்தும். திருமணம் தொடங்கும்முன் நிற்பதும், கடலில் காணாமல்போனவர்களைத் தேடும் பணி சில நாள் நடந்து நிறுத்தப்படுவதும் ஒரே சொல்தான். சொல்லை அமைப்பதிலும் ஒரு விதி உண்டு. பெயர்ச்சொல் என்றால் கால் ஆஃப் தி மீட்டிங் என்றும் கால் தி மீட்டிங் ஆஃப் என்றும் இரண்டு வகையாகவும் எழுதலாம். இட், தெம் போன்ற பதிலிச் சொல் வந்தால் கட்டாயம் நடுவில்தான் வரவேண்டும்: கால் இட் ஆஃப். கால் ஆஃப் இட் என்று எழுதினால் படிப்பவர் புரிந்துகொள்வார். ஆனால், எழுதியவருக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்வார். ஆஃப் என்பதில் இரண்டு எஃப் போட வேண்டும் என்பதை என் அலுவலகத்தில் நான் இன்னும் வாரம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு பொருளும் இருக்கிறது, அமெரிக்காவில். அங்கே சில பகுதிகளில் ஒருவர் காலையில் போன் செய்து இன்று வேலைக்கு வர முடியவில்லை என்று சொல்வதற்கும் கால் ஆஃப் என்கிறார்கள். நேற்று இரண்டு பேர் கால்ட் ஆஃப் என்றால் இரண்டு பேர் சொல்லிவிட்டு விடுப்பு எடுத்தார்கள் என்று பொருள்; அவர்களை யாரும் ரத்து செய்யவில்லை. பென்சில்வேனியாவில் வேலை செய்யும் என் மைத்துனர் மகன் இதைச் சொன்னபோது, எனக்குச் சிரிப்பைவிட ஆறுதல்தான் அதிகம் வந்தது.

மீண்டும் அந்தப் பிப்ரவரி மாதத்துக்கு வருகிறேன். அம்மையாரிடம் பேசிய மறுநாளே நூல் தேடி அலைந்தேன். நான் விற்ற அதே நூல், நான் முதலில் வாங்கிய விலையைவிடக் கிலோவுக்கு 9 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. சாயப்பட்டறையில் நடுவில் நுழைய அவசரக் கட்டணம் கொடுத்தேன். அனுப்பி வைத்த பவர்டேபிள் குழுவை மீண்டும் அழைக்க அந்தக் கான்ட்ராக்டர் வீட்டுக்கே போனேன். அவர் வரவில்லை, வேறு ஒரு குழுவைக் கைகாட்டினார். ஓவர்லாக், பிளாட்லாக் தையல் இயந்திரங்கள் இரண்டையும் இரவு ஷிஃப்டிலும் ஓட்டி, முதல் 2,000 சட்டைகளை மார்ச் 14-ஆம் தேதி முடித்தோம். தூத்துக்குடியில் ஏற்றினால் கொழும்பில் கப்பல் மாறி ஹாம்பர்க் சேர அப்போது ஏறக்குறைய ஐந்து வாரம் ஆனது. அவர்களுடைய ஒரு வாடிக்கையாளருக்கு அதற்குள் தேவைப்பட்டதால், அந்த 2,000-ஐ விமானத்தில் என் செலவில் அனுப்புவது என்றும், மீதி 4,000-ஐ மார்ச் 24-இல் முடித்துக் கப்பலில் அனுப்பி, அதற்கு ஐந்து சதவீதம் விலை குறைத்துக்கொள்வது என்றும் பேசி முடித்தோம்.

கணக்கை மறைக்காமல் எழுதுகிறேன். விமானக் கட்டணம், 400 கிலோவுக்கு, 1,08,000 ரூபாய். விலைக் குறைப்பு 520 யூரோ, அப்போதைய மதிப்பில் 45,760 ரூபாய். நூலை விற்றதிலும் மீண்டும் வாங்கியதிலும் 41,850 ரூபாய். அவசரச் சாயக் கட்டணமும் இரவு வேலைக்கான கூடுதல் கூலியும் 38,000 ரூபாய். ஆக 2,33,610 ரூபாய். சட்டைக்கு 18 ரூபாய் நிற்கும் என்று போட்டிருந்த கணக்கில் 6,000 சட்டைக்கு லாபம் 1,08,000 ரூபாய். விமானக்காரருக்குக் கொடுத்தது அதே தொகை என்பதை அன்று இரவு கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். மீதியைக் கையிலிருந்து போட்டேன். வீட்டு நகை ஒன்று நான்கு மாதம் அடகுக்கடையில் இருந்தது. மனைவியிடம் காரணம் சொல்லும்போது, ஆறாயிரம் சட்டையை ரத்து செய்துவிட்டதாகத் தவறாக நினைத்தேன் என்று சொன்னேன். “ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமுங்களே” என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது.

ஏன் கேட்கவில்லை என்பதற்கு விடை எனக்குத் தெரியும். ஒரு சொல்லின் பொருளைக் கேட்டால், இவனுக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் அடிப்படையில்லாதது. எதிரில் இருந்த அம்மையாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை; தன் மொழிச் சொல்லை ஆங்கில உடையில் அனுப்பியவர் அவர். நான் கேட்டிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். கேட்பதற்கு வெட்கமாக இருந்தால் அதற்கும் ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறேன்: பொருளைக் கேட்காமல், நான் புரிந்துகொண்டதை எண்ணும் தேதியும் வைத்து என் சொந்தச் சொற்களில் திருப்பி எழுதி, சரிதானா என்று கேட்பது. ‘நீங்கள் எழுதியபடி 6,000 சட்டைகளை அனுப்புகிறோம், மார்ச் 10-க்குள் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறும், உறுதிசெய்யவும்.’ இதில் யாருடைய ஆங்கில அறிவும் வெளிப்படுவதில்லை. தொழில் ஒழுங்கு என்றே தோன்றும். அன்று நான் ‘6,000 சட்டைகளை ரத்து செய்கிறோம்’ என்று எழுதி அனுப்பியிருந்தால்கூட, ஒரு மணி நேரத்தில் பதறிப்போய் அவரே கூப்பிட்டிருப்பார். தவறாகப் புரிந்துகொண்டதை வெளிப்படையாக எழுதினால்கூடக் காப்பாற்றும்; நோட்டட் என்று எழுதுவது காப்பாற்றாது. அந்தச் சொல்லை என் அலுவலகத்தில் இப்போது யாரும் எழுதக்கூடாது.

நான் எழுதும் மின்னஞ்சல்களிலும் இத்தகைய இரட்டைச் சொற்களைத் தவிர்க்கிறேன். ரத்து என்றால் கேன்சல், தள்ளிவைப்பது என்றால் போஸ்ட்போன், அனுப்புவது என்றால் ஷிப். இவை புத்தக வாடை அடிக்கும் சொற்கள் என்று ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்கள் சொல்வார்கள், அடிக்கட்டும். வார எண்ணோடு தேதியையும் சேர்த்தே எழுதுகிறேன். அகராதி பார்க்கும்போது முதல் பொருளோடு நிறுத்துவதில்லை. ஐயமுள்ள தொடரோடு ஆர்டர், டெலிவரி, கான்ட்ராக்ட் என்று தொழில் சார்ந்த ஒரு சொல்லைச் சேர்த்து இணையத்தில் தேடுகிறேன். கால் ஆஃப் என்று மட்டும் தேடியபோது எனக்குக் கிடைத்தவை ரத்தும் நாயும்தான். ஆர்டர் என்று ஒரு சொல் சேர்த்ததும் முதல் பக்கத்திலேயே உண்மை வந்து நின்றது.

அதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் நான் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஏழு பக்கம். எண்ணிக்கை, விலை, பணம் வரும் நாள் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு மற்றதை வேகமாகத் தள்ளிவிட்டேன். எல்லாம் நடந்து முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுதும் படித்தேன். மொத்தம் 18,000 உருப்படிகளை வாங்குபவர் 12 மாதத்தில் மூன்று கால்-ஆஃபாக எடுத்துக்கொள்வார் என்று நான்காம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது; ஒவ்வொரு கால்-ஆஃபுக்கும் எட்டு வார அவகாசம் என்றும் இருந்தது. ஜனவரி 9-இலிருந்து எட்டு வாரம் எண்ணினால் சரியாகப் பத்தாவது வாரத்தின் முதல் நாள் வருகிறது. அந்தப் பக்கத்தின் கீழே, மற்ற ஆறு பக்கங்களைப் போலவே, என் சிறு கையொப்பம் இருந்தது.

இரண்டாவது கால்-ஆஃப் மே மாதத்தில் வந்தது, பிழையில்லாமல் போனது. மூன்றாவது ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்தபோது அவர்களுக்கு விற்பனை மந்தம். மின்னஞ்சலில் இரண்டு வரி: மீதமுள்ள 6,000-இல் 4,000-ஐ நாற்பதாவது வாரத்துக்குக் கால் ஆஃப் செய்கிறோம், மீதி 2,000-ஐ, மன்னிக்கவும், கேன்சல் செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு சொல்லும் அடுத்தடுத்து, தத்தம் இடத்தில் உட்கார்ந்திருந்தன. மன்னிப்பும் இருந்தது. ஆனாலும் நான் வழக்கம்போலத் திருப்பி எழுதினேன்: 4,000 அனுப்புகிறோம், அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கும் வாரம், 2,000 ரத்து, உறுதிசெய்யவும். பத்து நிமிடத்தில் ஆம் என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் 4,000 சட்டைக்கு மட்டும் நூலுக்குச் சொன்னேன்.